பன்னிரண்டு பேர் வட்டம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் வளையல் போடும்போது பார்த்தேன், இடது மணிக்கட்டில் வெல்லப் பாகு தெறித்த தழும்பு மங்கிவிட்டது. சித்திரையில் பட்ட சூடு அது. அதன் பிறகும் ஆவணி வரை அவ்வப்போது பட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது கையில் ஒன்றுமே இல்லை.

பஸ்ஸில் சண்முகத்தாய் அக்கா என் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். பழையது காயும் முன்னே அதன் மேல் புதியது. "என்னடி அப்படிப் பாக்குற?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

நாங்கள் கடலை உருண்டை பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். கம்பெனி என்றால் தகரம் போட்ட கொட்டகைதான். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவோம். ஒருத்தி மட்டும் அன்று முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும். வெல்லப் பாகு காய்ச்சி, கடலையைக் கொட்டிக் கிண்டி, எங்கள் தட்டுகளில் அள்ளி வைப்பாள். சூடு ஆறுவதற்குள் மற்றவர்கள் உருட்டிவிட வேண்டும். அடுப்பு வேலையில் பாகு தெறிக்காத நாளே கிடையாது.

யாருக்கு அடுப்பு என்பதைக் குருவம்மா பெரியம்மா சாயங்காலம் சொல்வார். அவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. வட்டத்துக்கு நடுவில் நின்று, அன்று அடுப்பில் நின்றவளின் இடத்துக்கு அடுத்த ஆளிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீட்டிக்கொண்டே வந்து நாலாவது ஆளிடம் நிறுத்துவார். மறுநாள் அடுப்பு அவளுக்கு. பக்கத்தில் இருப்பவளுக்கே கொடுத்துவிட முடியாது. அடுப்பில் நின்றவளுக்கு மறுநாள் கை எரியும், மெதுவாகத்தான் உருட்டுவாள். மெதுவான கைகள் அடுத்தடுத்து இருந்தால் அந்தப் பக்கத்துத் தட்டில் பாகு இறுகிப் போகும். அதற்காகத்தான் நாலு.

இன்றைக்கு அக்காதான் அடுப்பில் நின்றாள்.

நவம்பர் 5, புதன்

மழை. கோமு அத்தைக்கு அடுப்பு. துவைத்தது எதுவும் காயவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று புஷ்பகனி. நாளைக்கு மறுபடி அக்கா. இந்த மூன்று பேர்தான் மாறி மாறி. தங்கபுஷ்பம் ஆவணியில் கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு வேறு யாரும் அடுப்பில் நின்றதாக எனக்கு நினைவில்லை.

இன்று புஷ்பகனி கேட்டேவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கொஞ்சம் வாய் அதிகம்.

"பெரியம்மாவுக்கு எங்க மூணு பேரு மேல என்ன கோவம்?"

"நானா சொல்லுதேன்? விரலு எங்க நிக்கிதோ அங்கதான்."

"அந்த விரலுக்கு ஒரு மோதிரம் போட்டு விடுதோம். வேற பக்கம் போகச் சொல்லுங்க" என்றாள் கோமு அத்தை. எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை.

"வருஷக்கணக்கா இதே நாலுதான். எவளுக்காவது வராம இருந்துச்சா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் வந்துச்சுல்ல?"

வந்தது. அது உண்மை. ஆவணி வரை எனக்கும் வந்தது. முதல் தடவை, கிண்டும் துடுப்பையே சட்டியிலிருந்து கீழே போட்டுவிட்டேன். இப்போது வருவதில்லை. சாயங்காலம் விரல் சுற்றி வரும்போது நான் குனிந்து, பாகு கையில் ஒட்டாமலிருக்கத் தொட்டுக்கொள்ளும் மாவுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

நவம்பர் 8, சனி

புஷ்பகனி காலையிலேயே முனியம்மாளிடம் கெஞ்சி இடத்தை மாற்றிக்கொண்டாள். காற்று வரவில்லை என்று காரணம் சொன்னாள். சாயங்காலம் கோமு அத்தையின் இடத்திலிருந்து எண்ணி வந்த விரல் முனியம்மாள் முன்னால் நின்றது.

"யாத்தே! இது அவ எடம்!" என்று கத்தினாள் முனியம்மாள்.

"எவ உக்காந்திருக்காளோ அவளுக்குத்தான்" என்றார் பெரியம்மா.

"இந்தக் கள்ளி தெரிஞ்சேதான் எடத்த மாத்திருக்கா. காத்து வரலையாம்ல காத்து! ஒம் மாமியா ஒன்ன என்ன பாடு படுத்துனாலும் இனிமே நான் பரிஞ்சு பேச மாட்டேன்டி."

திங்கட்கிழமை முனியம்மாள்தான் அடுப்பு. அதற்கப்புறம் அவரவர் இடத்தில் அவரவர் என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆக, ஆளில் ஒன்றும் இல்லை. இடத்தில்தான் இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

இடத்தில்தான் கோளாறு என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது போல. கோமு அத்தை மூன்று எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவிக் கொண்டுவந்து மூன்று இடத்திலும் உட்காரும் பலகைக்கு அடியில் வைத்தாள். அந்தோணியம்மா அக்கா தன் பங்குக்கு மூன்று இடத்திலும் சிலுவை போட்டாள். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு. இனிமே எந்தக் கோளாறு வரும்னு பாப்போம்" என்றாள்.

சாயங்காலம் விரல் கோமு அத்தையின் இடத்தில் போய் நின்றது. பழத்துக்கு நேர் மேலே.

இன்று அடுப்பில் நின்ற சண்முகத்தாய் அக்கா பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றாள். பாகு இந்த முறை கழுத்தில் தெறித்திருக்கிறது. முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள்.

நவம்பர் 12, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது புஷ்பகனி உட்காரும் இடத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது.

இன்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. கடிகாரத்திலும் பன்னிரண்டு, வட்டத்திலும் பன்னிரண்டு. புஷ்பகனியைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு வலம் வந்தால், அக்கா இருப்பது நாலு மணியில். கோமு அத்தை எட்டு மணியில். நான் ஒன்பதில்.

நாலிலிருந்து நாலு தள்ளினால் எட்டு. எட்டிலிருந்து நாலு தள்ளினால் பன்னிரண்டு. பன்னிரண்டிலிருந்து நாலு தள்ளினால் திரும்ப நாலு.

எத்தனை தடவை சுற்றினாலும் அவ்வளவுதான். ஒன்பதுக்கு வரவே வராது. பெரியம்மா எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும் வராது.

சோறு ஆறிப் போயிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

நவம்பர் 13, வியாழன்

ஆனால் பெரியம்மா சொன்னதும் உண்மைதானே? முன்பு எல்லோருக்கும் வந்ததே? ராத்திரி இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தங்கபுஷ்பம்! அவள் இருந்தபோது நாங்கள் பதிமூன்று பேர்.

வேலை முடிந்து வந்ததும் தரையில் பதிமூன்று கடலையை வட்டமாக வைத்தேன். நாலு நாலாகத் தள்ளி எண்ணி, விரல் பட்ட கடலையை உள்ளே நகர்த்தினேன். ஒரு கடலைகூட மிச்சமில்லாமல் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. எல்லாம் வந்த பிறகுதான் முதல் கடலைக்குத் திரும்பியது. மூன்றாகத் தள்ளிப் பார்த்தேன், ஆறாகப் பார்த்தேன், எட்டாகவும் பார்த்தேன். பதிமூன்றில் எப்படி எண்ணினாலும் யாரும் விட்டுப் போவதில்லை.

ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது பன்னிரண்டு.

எங்கள் கம்பெனியில் எல்லாமே பன்னிரண்டுதான். பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு உருண்டை. அட்டைப் பெட்டிக்குப் பன்னிரண்டு பாக்கெட். அதை இரண்டாகப் பிரிக்கலாம், மூன்றாக, நாலாக, ஆறாகப் பிரிக்கலாம். பதிமூன்று அப்படி எதற்கும் பிரியாது, பெட்டியில் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். பன்னிரண்டுதான் நல்ல எண் என்று நினைத்திருந்தேன். பிரிப்பதற்கு அது நல்லதுதான். இப்போது எங்களையும் பிரித்து வைத்திருக்கிறது.

எட்டாக எண்ணினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். பன்னிரண்டில் எட்டு சரியாக அடங்காது, அதனால் எல்லோருக்கும் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அதே மூன்று பேர். ஒன்பதாக எண்ணினால் நாலு பேரோடு நின்றுவிடுகிறது. பத்து என்றால் ஆறு பேர். எட்டையும் பன்னிரண்டையும் நாலு நாலாகக் கட்டலாம். ஒன்பதையும் பன்னிரண்டையும் மூன்று மூன்றாகக் கட்டலாம். பத்தையும் இரண்டிரண்டாகக் கட்டலாம். இரண்டு எண்ணையும் ஒரே அளவுக் கட்டாகக் கட்ட முடிந்தால் மாட்டிக்கொள்கிறது.

ஐந்தையும் பன்னிரண்டையும் அப்படிக் கட்டவே முடியாது. ஐந்தாக எண்ணிப் பார்த்தேன். எல்லாக் கடலையும் வந்தன. ஏழும் வந்தது. யோசித்தால், ஏழு என்பது எதிர்ப்பக்கமாக ஐந்து எண்ணுவதுதான்.

"கடலைய வச்சு வெளயாடுற வயசா இது?" என்றாள் அம்மா. "அங்க உருட்டுனது பத்தலையோ?"

நவம்பர் 14, வெள்ளி

இன்று அடுப்பில் அக்கா. சாயங்காலம் எண்ணுவதற்கு முன் பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாலு ரொம்பப் பக்கமா இருக்கு, அதான் அங்கயே சுத்துது. இனிமே ஆறு. தூரமாப் போனா எல்லாத்துக்கும் போகும். சரிதான?"

சரி சரி என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான் மனதுக்குள் கடலைகளை வட்டமாக வைத்து எண்ணினேன். ஆறு என்றால் எதிரில் இருப்பவள். அங்கிருந்து ஆறு என்றால் திரும்பவும் இவள். மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர்.

நான் வாயைத் திறந்தேன். முனியம்மாள் என்னைப் பார்த்து "என்னட்டி மாரிக்கனி, கொட்டாவியா?" என்றாள். மூடிக்கொண்டேன்.

ஏன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாய் என்று யாராவது கேட்டால், ஊருக்கு பஸ் இல்லை என்று சொல்வேன். பஸ் காலையும் மாலையும் வந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து நின்று விடை சொல்லச் சொல்வார்கள். விடை தெரியும். எழுந்து நின்றால் தொண்டையில் முதல் எழுத்தே மாட்டிக்கொள்ளும். பின் வரிசையில் சிரிப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விரல் அந்தோணியம்மா அக்காவிடம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நவம்பர் 15, சனி

அந்தோணியம்மா அக்கா அடுப்பில் ஜெபப் பாட்டு பாடிக்கொண்டே கிண்டினாள். கொட்டகையே கலகலப்பாக இருந்தது. புஷ்பகனி பெரியம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் விரல் சண்முகத்தாய் அக்காவிடம் நின்றது. "இது என்னமோ ஒரு தடவ அப்படி விழுந்திருச்சு" என்று சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். கோழிக்கூட்டைக் கழுவினேன். இரண்டு பாவாடைக்கு ஓரம் அடித்தேன். கடலை எதையும் தொடவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று சண்முகத்தாய் அக்கா, இன்று அந்தோணியம்மா அக்கா, நாளைக்கு மறுபடியும் அக்கா. விரல் தன்மேல் நின்றதும் அக்கா எழுந்துவிட்டாள்.

"போதும் பெரியம்மா. எனக்குத்தான் இந்த அடுப்புன்னு நீங்க முடிவு பண்ணிட்டிய. நாளைக்கு நிக்கேன். திங்கக்கெழமையிலருந்து நான் பட்டாசு ஆபீசுக்குப் போறேன். வேன் வீட்டு வாசலுக்கே வருது."

 பெரியம்மாவின் விரல் நீட்டியபடியே இருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவுக்குச் செய்தி வந்துவிட்டது. "சண்முகத்தாய் கூடப் போறான்னுதான் ஒன்ன அனுப்புனேன். ஒத்தையில பஸ்ஸுல அனுப்ப மாட்டேன். வேன்ல ஒனக்கும் ஒரு எடம் கேக்கச் சொல்லிருக்கேன்" என்றாள். சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னச் சித்தி பட்டாசு வேலைக்குப் போய்த்தான் தீக்காயம் பட்டாள். எங்கள் வீட்டுக்கு அவள் வரும் நாளில் அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்துவிடுவாள்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணம் டம்ளர் எல்லாவற்றையும் வட்டமாக வைத்துக் காட்டினேன். பன்னிரண்டுக்கு ஒன்று குறைந்தது, சோப்புப் பெட்டியை வைத்தேன். நாலு, ஆறு, ஐந்து என்று மூன்றும் எண்ணினேன். அக்கா நுரைக் கையோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, நீ இவ்ளோ பேசுவியா?"

"போகாதக்கா. அஞ்சுன்னு மாத்துனாப் போதும். நீ சொல்லு பெரியம்மாகிட்ட."

"நான் சொன்னா எவ கேப்பா? கை எரிச்சல்ல என்னத்தையோ ஒளறுதான்னு சொல்லுவாளுக. அடுப்பே வராதவ ஒருத்தி சொன்னாத்தான் எடுபடும்."

"எனக்குச் சொல்ல வராது."

"இப்ப வந்துச்சே."

சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 19, புதன்

முழுதாக எழுதிவிட வேண்டும்.

அக்கா அடுப்பில் நின்றாள். நான் இன்று பிடித்த உருண்டைகள் எல்லாம் கோணல். சாயங்காலம் பெரியம்மா நடுவில் வந்து நின்றார். விரலை நீட்டும் முன் நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"என்னட்டி?"

 "அஞ்சு" என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

"மணியா? அஞ்சரை ஆச்சு" என்றாள் முனியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அடுப்படியிலிருந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அவ சொல்லட்டும்."

சிரிப்பு அடங்கியது. எனக்கு விளக்கிச் சொல்ல வராது, செய்து காட்ட வரும் என்று அப்போதுதான் தோன்றியது.

"பெரியம்மா... பழைய மாதிரி நாலா எண்ணுங்க. நிக்காம எண்ணுங்க. விரல் வந்தவங்க கையத் தூக்கணும். தூக்குன கையக் கீழ போடக் கூடாது."

பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எண்ணினார். கோமு அத்தை கை தூக்கினாள். புஷ்பகனி தூக்கினாள். அக்கா தூக்கினாள். மறுபடி கோமு அத்தை. "ஏற்கெனவே தூக்கிட்டுத்தான் இருக்கேன், கால வேணா தூக்கவா?" என்றாள். பெரியம்மா இன்னொரு சுற்று எண்ணினார். அடுத்த சுற்றில் அவர் குரல் மெதுவானது. மூன்று கைகள்தான்.

நான் போய்க் காலிப் பாகுச் சட்டியைத் தூக்கி வந்து புஷ்பகனிக்கு அடுத்தாற்போல் வைத்தேன்.

"இது தங்கபுஷ்பம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் நல்லாப் பருத்துட்டா" என்றாள் கோமு அத்தை.

"அடி கறுத்தும் போயிட்டா" என்றாள் புஷ்பகனி.

பெரியம்மா அதட்டினார். முதலிலிருந்து எண்ணச் சொன்னேன், அதே நாலு. இந்தத் தடவை கைகள் எழுந்துகொண்டே போயின. முனியம்மாள் தூக்கினாள், அந்தோணியம்மா அக்கா தூக்கினாள், நான் தூக்கினேன். சட்டிக்கு முறை வந்ததும் புஷ்பகனி அதன் சார்பில் துடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். மிச்சம் ஒருவரும் இல்லை.

"அப்போ நான் எண்ணுனது சரிதான்" என்றார் பெரியம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சரிதான் பெரியம்மா. பதிமூணுக்கு நாலு சரி. பன்னெண்டுக்கு நாலு ஆகாது. ஆறு அத விட ஆகாது."

சட்டியை எடுத்து வெளியே வைத்தேன். "இப்ப அஞ்சு. அக்கா எடத்துலருந்து."

விரல் நேராக என்னிடம் வந்தது. கை தூக்கினேன். அது எதிர்ப்பக்கம் போனது, சுற்றியது, குறுக்கே போனது. தூக்கியவர்கள் தூக்காதவர்களைப் பார்த்து "இந்தா வருது, வருது!" என்று கத்த ஆரம்பித்தார்கள். கடைசியாகத் தூக்கியது சண்முகத்தாய் அக்கா.

பன்னிரண்டு கைகள். கொஞ்ச நேரம் யாரும் கீழே போடவில்லை.

பெரியம்மா மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். "நான் யாருக்கும் வஞ்சகம் நெனச்சு எண்ணலடி" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா "தெரியும் பெரியம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நேத்துத் தெரியல. இன்னைக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னொருத்தி வேலைக்குச் சேந்தா? இல்ல ஒருத்தி நின்னுட்டா?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்தோணியம்மா அக்கா மட்டும், "ஆறு ஆகாதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். வெள்ளிக்கிழமையே என்றேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.  

"ஏட்டி, அஞ்சுன்னா மொத அடுப்பு ஒனக்குல்ல விழுது?" என்றாள் கோமு அத்தை. "தெரிஞ்சா சொன்ன?"

தலையாட்டினேன். கடலையில் பார்த்தபோதே தெரியும்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நிறுத்தம் வரும் வரை அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "வேன்காரனுக்கு போன் போடணும். ரெண்டு எடமும் வேண்டாம்னு" என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

அக்காவையும் முதல் பஸ்ஸுக்கே கிளப்பிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். பெரியம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன்.  சட்டியைக் கழுவி ஏற்றினேன். விறகை அடுக்கி அடுப்பைப் பற்ற வைத்தேன்.